இடது பக்கத்துப் பட்டன்

அத்தியாயம் 5

"வலது கையா, இடது கையா?" என்று கேட்டாள் அண்ணி.

எதிரில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு கணம் விழித்தாள். கேட்கக் கூடாத கேள்விதான். ஆனால் காய்ச்சல் எத்தனை நாளாக என்று விசாரிப்பதைப் போல அவ்வளவு மெதுவாக அண்ணி அதைக் கேட்டிருந்தாள்.

"வலது கைங்க. கட்டை விரல் மட்டும்தான் மிச்சம்."

மருந்துக் கடைக்கு மேலே ஒற்றை ஜன்னல் வைத்த அறை அது. வாசலில் 'துப்பறியும் நிலையம்' என்று பலகை தொங்கினாலும், மாடியேறி வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்ணைப் பெற்றவர்கள். மாப்பிள்ளை குடிப்பாரா, வேறெங்காவது ஒரு குடும்பம் இருக்கிறதா என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் பிழைப்பு. தெரு முழுக்க அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டது. முறைப்படி அவளுக்கு ஒரே ஒரு கொழுந்தன். நாற்பது வயது, தலையில் பாதி வழுக்கை. அவளுடைய ஸ்கூட்டரை ஓட்டுகிறவன், உதவியாளன், வீட்டுக்குக் காய்கறி வாங்கி வருகிறவன் எல்லாம் அவன்தான். வாய் ஓயாது என்பதால் சைரன் என்று பெயர் நிலைத்துவிட்டது.

இன்றைக்கு வந்தவள் பெண்ணைப் பெற்றவள் இல்லை. வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிற தையல்காரி. மடியில் அவளே தைத்த துணிப்பை. பிடி சேரும் இடத்தில் சின்னதாய் ஒரு கட்டம் தைத்து, அதற்குள் குறுக்கும் நெடுக்குமாய் இரண்டு கோடு ஓட்டியிருந்தாள். கதவுக் கீல் செய்யும் தொழிற்சாலையில் அவள் கணவர் பிரஸ் ஓட்டுகிறவர். மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"பிரஸ்ஸுக்கு ரெண்டு பட்டன்ங்க. ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல அமுத்தினாத்தான் மேல இருக்கிற இரும்பு இறங்கும். ரெண்டு கையும் வெளிய இருந்தா உள்ள மாட்டாதுல்ல, அதுக்காக. இவரு ஒரு பட்டனை எலாஸ்டிக் போட்டுக் கட்டிட்டு ஒத்தக் கையால ஓட்டினாராம். தப்பு முழுக்க இவரோடதாம். இன்னைக்கு நாலு மணிக்கு விசாரணை. அவருக்குப் பதிலா நான் போயி, தப்பு அவரோடதுதான்னு கையெழுத்துப் போடணும். போட்டா வேலை போயிரும்."

"மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்" என்றான் சைரன். பிறகு அண்ணியின் பார்வையைப் பார்த்துவிட்டு, "தொழிற்சாலையைச் சொன்னேன், நம்ம வீட்டை இல்ல" என்று சேர்த்துக்கொண்டான்.

"வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?"

"செவுத்தைப் பாத்துப் படுத்திருக்காரு. நீங்க கட்டினீங்களான்னு கேட்டேன். போர்வையை இழுத்து மூடிக்கிட்டாரு. கட்டியிருக்க மாட்டாருங்க. வீட்டுல அயர்ன் பாக்ஸ் பிளக்கைக்கூட ரெண்டு தரம் பாக்கிற மனுஷன்."

விசாரணைக் கடிதத்தோடு ஒரு படத்தை ஊசி குத்தி இணைத்திருந்தார்கள். விபத்து நடந்த கையோடு சூப்பர்வைசர் எடுத்ததாம். அண்ணி லென்ஸை எடுத்தாள். மாப்பிள்ளைப் படங்களில், விரலில் மோதிரம் கழற்றின பழைய தழும்பு இருக்கிறதா என்று தேடும் லென்ஸ் அது. மெஷினின் நெற்றியில் 7 என்ற எண். கீழே இடப்பக்கமும் வலப்பக்கமும் உள்ளங்கை அகலத்தில் பட்டன்கள். இடது பட்டனை ஒரு பட்டை இறுக்கிப் பிடித்திருந்தது; லென்ஸில்தான் அது நீலம் என்று தெரிந்தது.

அண்ணி இரண்டு தம்ளர்களை மேஜையில் இரண்டு முழ இடைவெளியில் கவிழ்த்து வைத்தாள்.

"சைரா, இதுதான் பிரஸ். இடது தம்ளரை எலாஸ்டிக் அமுத்திட்டிருக்கு. மிச்சம் என்ன?"

"வலது தம்ளர்."

"அதை எந்தக் கையால அமுத்துவே?"

"வலது கையால."

"அந்த நேரத்துல உள்ள எந்தக் கை இருக்கும்?"

"இடது..." சைரன் தன் கைகளை மாறி மாறிப் பார்த்தான். "அண்ணி! போனது வலது கையாச்சே!"

"அதான் முதல்லயே கேட்டேன்."

"படத்தைத் திருப்பிப் போட்டிருப்பாங்களோ?"

"அப்போ ஏழும் திரும்பியிருக்கணும்."

தையல்காரி எழுந்தே விட்டாள். மூன்று நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் ரத்தம் ஓடியது. "அப்போ அவர் கட்டலதானே? வேற யாரோ கட்டிப் படம் எடுத்திருக்காங்கதானே?"

"மெஷினைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் அண்ணி.

*

குடும்பத்தின் சார்பில் இரண்டு பேர் மெஷினைப் பார்வையிடலாம் என்று கடிதத்திலேயே ஒரு வரி இருந்தது. "நீங்க பெரியம்மா பொண்ணு, நான் சித்தப்பா பையன். குடும்பம் பெருசு" என்று சொல்லிக்கொண்டே சைரன் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தினான்.

உள்ளே சாப்பாட்டு நேரம். பன்னிரண்டு பிரஸ்கள் ஒரே வரிசையில் ஓய்ந்து நின்றன. எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த வாடை. சுவரில் ஆளுயரப் பலகை: 'இலக்கு: மணிக்கு 600'. அதற்கு அடுத்தாற்போல் இன்னொரு பலகை: 'விபத்தில்லா நாட்கள்: 3'.

கூட வந்தவர் பாதுகாப்பு அதிகாரி. சட்டைப்பையில் நாலு பேனா, கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"கையை உள்ள விட்டா மெஷின் தானா நிக்கிற மாதிரி ஒளித்திரை வெக்கலாம். பதினோரு கடிதம் எழுதினேன்" என்றார், யாரும் கேட்காமலே. "பன்னெண்டாவதா விபத்து அறிக்கை எழுதினேன். பாதுகாப்பு அதிகாரின்னு பேரு. என் ரூம் மட்டும்தான் பாதுகாப்பா இருக்கு."

அண்ணி ஏழாம் எண் பிரஸ்ஸுக்கு முன்னால் குனிந்தாள். இடது பட்டனைச் சுற்றி எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாய்ப் படிந்திருந்தன. ஒரு ஓரத்தில் மட்டும் புதிதாய்த் தேய்ந்த கீறல். வலது பட்டனைப் பார்த்தாள். விளிம்பைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குப் பளபளவென்று வெள்ளை வளையம்.

"சைரா, இது என்ன?"

"மோதிரத்தைக் கழட்டின விரல் அண்ணி" என்றான் அவன். குரலில் கிண்டல் பாதியாகிவிட்டிருந்தது.

"எத்தனை நாள் போட்டிருந்த மோதிரம்?"

"வருஷக்கணக்கா இருக்கும்."

அண்ணி ஆறாம் எண் மெஷினுக்குப் போனாள். வலது பட்டனில் அதே வளையம். ஐந்தில், எட்டில், பன்னிரண்டில், எல்லாவற்றிலும் அதே வளையம்.

"பன்னெண்டு விரல்லயும் தழும்பு. மாப்பிள்ளை பெரிய ஆளுதான்" என்றான் சைரன்.

பாதுகாப்பு அதிகாரி கூரையில் இருந்த விளக்குகளை எண்ணுவது போல அண்ணாந்து நின்றார்.

அண்ணி கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சைரனை ஏழாம் எண் முன்னால் நிறுத்தினாள். மின்சாரம் இல்லாத மெஷின், ஆபத்தில்லை. "தகட்டை உள்ள வை. ரெண்டு கையையும் வெளிய எடு. ரெண்டு பட்டனையும் அமுத்து. திரும்பக் கையை விட்டு எடு. இதையே பத்து தடவை செய். வேகமா."

பத்தாவது முறையில் சைரனுக்கு வேர்த்து வழிந்தது. ஒரு கீலுக்கு ஒன்பது வினாடி.

"இப்ப வலது பட்டனை மறந்துடு. இடது கை பட்டன்லயே இருக்கட்டும். வலது கை மட்டும் உள்ள போய்ட்டு வரட்டும்."

ஆறு வினாடி.

"ஒன்பது வினாடின்னா மணிக்கு நானூறு. ஆறு வினாடின்னா அறுநூறு" என்றாள் அண்ணி, சுவரைப் பார்க்காமலே.

சைரன் சுவரைப் பார்த்தான். "குருவி தலையில பனங்காயை வெச்சாச்சு. அப்புறம் குருவி ஏன் குனியுதுன்னு விசாரணை."

"அந்தப் பட்டையைப் பாக்கலாமா சார்?"

அதிகாரி ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார். உள்ளே நீலத் துணி உறை போட்ட எலாஸ்டிக் வளையம். முனைகள் சேரும் இடத்தில் சின்னதாய் ஒரு கட்டம், அதற்குள் குறுக்கும் நெடுக்குமாய் இரண்டு கோடு.

அண்ணி அதை வெகு நேரம் பார்த்தாள். பிறகு லென்ஸை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சைரனும் பார்த்தான்.

"அடிபட்டதும் இங்க யார் யார் இருந்தாங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"எல்லாரும் அவரைத் தூக்கிட்டு வண்டிக்கு ஓடினாங்க. சூப்பர்வைசர் போனை எடுக்க ரூமுக்குப் போனார். எட்டாம் நம்பர் ஆள் மட்டும் மெஷினை ஆஃப் பண்ண நின்னார்."

*

எட்டாம் எண் ஆள் கை கழுவும் குழாயடியில் இருந்தார். சோடாபுட்டிக் கண்ணாடி, நரைத்த மீசை. அண்ணி நெருங்குவதைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"ஐயா, வலது பக்கம் இருந்ததை இடது பக்கம் மாத்தினது நீங்கதானே?"

அவர் பயந்துபோகவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"மூணு நாளா காத்துக்கிட்டிருக்கேம்மா, யாராவது வந்து கேப்பாங்கன்னு. சூப்பர்வைசர் பாத்தாரு, மேனேஜர் பாத்தாரு, ஆபீஸ்ல எல்லாரும் படத்தைப் பாத்தாங்க. ஒருத்தருக்குக்கூட உறைக்கல."

"ஏன், கழட்டியே எறிஞ்சிருக்கலாமே?" என்றான் சைரன்.

"பட்டை இருக்கிறதை சூப்பர்வைசர் தூரத்துலேருந்து பாத்துட்டாரு தம்பி. ரூமுக்குப் போயி போனை எடுத்துட்டு வர்றதுக்கு ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள என்ன பண்ண முடியும்? இடத்தை மாத்தினேன். மாத்தினா படம் பொய்னு தெரியும்ல. எந்த மடையனுக்கும் தெரியும்னு நினைச்சேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணியைப் பார்த்தார். "பதினாறு வருஷம் பக்கத்துப் பக்கத்துல நின்னோம். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

"உங்க பட்டை எங்க?"

அவர் கால்சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். சாப்பாட்டு மணி முடிந்து அடுத்த மணி அடித்தது. அவர் போய்விட்டார்.

*

தொழிற்சாலை வாசலுக்கு எதிரே ஒரு சிமென்ட் பெஞ்சு. தையல்காரி மூன்று மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள்.

அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனையோ அப்பாக்களிடம் 'இந்த மாப்பிள்ளை வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறாள். அதற்கென்று ஒரு குரல் வைத்திருந்தாள். இன்றைக்கு அந்தக் குரல் கைகொடுக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் எப்பவாவது எலாஸ்டிக் எதாவது தைச்சுக் குடுக்கச் சொன்னாரா?"

"ஆமா. நாலு மாசம் முன்னாடி. ஸ்பேனரையெல்லாம் சேத்துக் கட்டி வெக்க வளையம் வேணும், எல்லாருக்கும் சேத்து ஒரு டஜன்னு..." அவள் பேச்சு அங்கேயே நின்றுபோனது. "நீலத் துணியா?" என்று கேட்டாள் தையல்காரி.

அண்ணி தலையசைத்தாள்.

"சாதாரணமா தைச்சா பிரிஞ்சிரும்னு கட்டம் போட்டுத் தைச்சேன். அதுக்கு முன்னாடி துணியைச் சுருட்டிக் கட்டுவாங்களாம், நழுவி நழுவி விழுமாம்னு இவரு சொன்னாரு. ஸ்பேனருக்குத்தான்னு நினைச்சேன்." அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்தாள். "எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னாங்களாம். வந்து சொன்னாரு. சந்தோஷமா இருந்துச்சு."

சாலையில் ஒரு லாரி போனது.

"ரெண்டு வழி இருக்கு" என்றாள் அண்ணி. "உண்மையைச் சொல்லலாம். மணிக்கு அறுநூறு வேணும்னா பன்னெண்டு பேரும் கட்டித்தான் ஆகணும், இதோ கணக்குன்னு சொல்லலாம். இலக்கைக் குறைக்கச் சொல்லலாம். குறைப்பாங்களான்னு தெரியாது. கட்டினேன்னு ஒத்துக்கிட்ட பன்னெண்டு பேருக்கும் வேலை போகும், அது நிச்சயம்."

"இன்னொண்ணு?"

"படத்தை மட்டும் காட்டலாம். இடது பட்டன், வலது கை. ஜோடிச்ச படம்னு ஆயிரும். உங்க வீட்டுக்காரர் பேருல தப்பு நிக்காது. வேலை மிஞ்சும்."

"அது உண்மை இல்லையே."

"இல்ல."

தையல்காரி சைரனைப் பார்த்தாள். மூன்றாவது வழி ஒன்று அவனிடமாவது இருக்காதா என்று தேடுகிற பார்வை. அவன் ஸ்கூட்டர் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தான்.

"ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க அண்ணி" என்றாள். "ஜெயிச்சுக் குடுத்துருங்க."

*

விசாரணை பதினேழு நிமிடத்தில் முடிந்தது. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜரும் சூப்பர்வைசரும். ஓரத்தில் பாதுகாப்பு அதிகாரி. இந்தப் பக்கம் இவர்கள் மூவர்.

அண்ணி படத்தை மேஜையில் தள்ளினாள். இரண்டு தண்ணீர் தம்ளர்களைக் கவிழ்த்தாள். காலையில் சைரனிடம் கேட்டதையே மேனேஜரிடம் கேட்டாள். மிச்சம் எந்தப் பட்டன்? அதை எந்தக் கை அமுத்தும்? உள்ளே எந்தக் கை?

மேனேஜர் தன் இடது கையைப் பார்த்தார். பிறகு சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"சார், சத்தியமா நான் பாத்ததைத்தான் எடுத்தேன்" என்று அவன் பதறினான். பாவம், அந்த அறையில் முழு உண்மை பேசியவன் அவன் ஒருவன்தான்.

"இந்தப் படம் தொழிலாளர் ஆய்வாளர் கைக்குப் போனா, ஆதாரத்தை ஜோடிச்சது யாருன்னுதான் முதல்ல கேப்பார்" என்றாள் அண்ணி.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கோபப்படுவார் என்று அண்ணி காத்திருந்தாள். அவர் நிதானமாகக் கேட்டார்: "அப்போ, அவர் எந்தப் பட்டையும் கட்டல. அப்படித்தானேம்மா?"

"கட்டலைங்க" என்றாள் தையல்காரி.

"வேற யாரும் கட்டறதில்ல?"

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. கதவு சாத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. சாத்துவது தன் கைதான் என்பதும் தெரிந்தது. கட்டுகிறார்கள் என்றால் பன்னிரண்டு பேருக்கும் வேலை போகும். இல்லை என்றால்...

"இல்லைங்க" என்றாள் தையல்காரி.

மேனேஜர் முதல்முறையாகப் புன்னகைத்தார். தட்டச்சு செய்பவரை உள்ளே அழைத்தார். எதிர்பாராத இயந்திரக் கோளாறு; தொழிலாளி மீது தவறில்லை; குணமானதும் வாசல் காவல் பணி வழங்கப்படும். கடைசியாக ஒரு வரி சொன்னார்: 'பாதுகாப்புப் பட்டன்களைக் கட்டி இயக்கும் வழக்கம் இத்தொழிற்சாலையில் எக்காலத்திலும் இருந்ததில்லை என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன.'

"இருக்கட்டுமேன்னு ஒரு வரி" என்றார். "இனிமே யாரும் நம்ம தொழிற்சாலையைப் பத்தி தப்பாப் பேசக்கூடாது பாருங்க."

பாதுகாப்பு அதிகாரி சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நாலு பேனாவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. பதினோரு கடிதங்களுக்கும் இந்த ஒரு வரி பதிலாகிவிட்டது. இல்லாத வழக்கத்துக்கு யார் ஒளித்திரை வாங்குவார்கள்?

வெளியே வந்ததும், "ஜெயிச்சுட்டோம்ல அண்ணி?" என்றான் சைரன்.

"ஆமா."

"பின்னே ஏன் தோத்தவர் சிரிச்சிட்டுப் போறார்?"



*

ஐந்து மணிக்கு ஷிப்ட் மாறியது. வாசலில் ஆட்கள் கும்பலாய் வெளியே வந்தார்கள். செய்தி அதற்குள் பரவியிருந்தது. தையல்காரியைப் பார்த்துச் சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒருவர், "அண்ணனைக் கேட்டதாச் சொல்லும்மா, ஞாயித்துக்கிழமை வர்றோம்" என்றார்.

சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர் கடைசியாக வந்தார். வந்தவர் அண்ணியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, தையல்காரியிடம் போய்த் தயங்கி நின்றார்.

"வாசல் வேலை குடுத்துட்டாங்களாமே. நல்லதும்மா. நல்லது."

"நீங்க செஞ்சதுதாண்ணே."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல." அவர் கால்சட்டைப் பையில் கையை விட்டார். "தங்கச்சி, தப்பா நினைக்காத. இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். ஆனா வேற யாரைக் கேக்கிறதுன்னு தெரியல."

அவர் உள்ளங்கையில் நீலப் பட்டை ஒன்று கிடந்தது. எண்ணெய் ஊறி நிறம் மாறியிருந்தது. அவர் இழுத்துக் காட்டினார். நீண்டது திரும்பச் சுருங்கவில்லை, அப்படியே தொளதொளவென்று தொங்கியது.

"தளந்துபோச்சும்மா. நேத்து ரெண்டு தடவை பாதியிலேயே நழுவிடுச்சு. எப்ப விடும், எப்ப பிடிக்கும்னே தெரியல. கை உள்ள இருக்கறப்ப பக்குனு இருக்கு. இன்னொண்ணு தைச்சுத் தருவியா?"

"கட்டாம ஓட்டுங்களேன் ஐயா" என்றாள் அண்ணி. சொல்லும்போதே அந்தச் சொல்லின் பயன் என்னவென்று அவளுக்கே தெரிந்தது.

"நானூறுதான் வரும்மா. ரெண்டு நாள் நானூறு வந்தா மூணாம் நாள் என் இடத்துல வேற ஆளு நிப்பான். அவனும் கட்டுவான். அவனுக்குத் தைச்சுக் குடுக்க ஆள் இருக்காது. துணியைச் சுருட்டித்தான் கட்டுவான்."



தையல்காரி அந்தப் பட்டையை வாங்கினாள். கட்டம் போட்டுத் தைத்த இடத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். ஒரு நூல்கூட விடவில்லை. எலாஸ்டிக்தான் செத்துப்போயிருந்தது. தன் கட்டை விரலில் மாட்டி, இழுத்து, விட்டாள். இன்னொரு தடவை இழுத்து விட்டாள்.

"அரை இஞ்சு போட்டதுதான் தாங்கல" என்றாள், யாரையும் பார்க்காமல். "முக்கால் இஞ்சு போடவாண்ணே, ஒரு இஞ்சாவே போட்டுரவா?"